வீடு ஏலத்துக்குப் போகும் முன்: வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு எஞ்சியிருக்கும் வழிகள்

நாளிதழ்களின் உட்பக்கங்களில், மூக்குக் கண்ணாடியைத் தேட வைக்கும் அளவுக்குச் சிறிய எழுத்தில், ‘சுவாதீன அறிவிப்பு’ என்ற தலைப்போடு வெளியாகும் விளம்பரங்களைப் பெரும்பாலானோர் படிப்பதில்லை. கடன் வாங்கியவரின் பெயர், ஜாமீன்தாரரின் பெயர், நிலுவைத் தொகை, சொத்தின் நான்கு எல்லைகள் ஆகியவற்றோடு இரண்டு தேதிகளும் அதில் இருக்கும். முதலாவது, பணத்தைக் கட்டச் சொல்லிக் கேட்பு அறிவிப்பு அனுப்பப்பட்ட தேதி. இரண்டாவது, கட்டாததால் சொத்தை வங்கி தன் சுவாதீனத்தில் எடுத்துக்கொண்ட தேதி. வங்கியொன்றின் கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றிய எனக்கு இந்த விளம்பரங்களைப் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு தேதிகளுக்கும் நடுவே குறைந்தது 60 நாட்கள் இருக்கும்; முதல் தேதிக்கு முன்னால், தவணை தவறத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 90 நாட்களாவது கழிந்திருக்கும். இந்த ஐந்து மாதங்களில் பல குடும்பங்கள் வங்கிக்கு ஒரு கடிதம்கூட எழுதியிருக்காது. வீட்டைக் காப்பாற்றும் வழிகளில் மலிவானவை அனைத்தும் இந்த ஐந்து மாதங்களுக்குள்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு மிஞ்சுபவை செலவு மிகுந்தவை, பலன் உறுதியில்லாதவை.

நம் நாட்டில் வீட்டுக்கடன் நிலுவைக்காக ஒரு வீடு ஏலம் போவது பெரும்பாலும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. அதற்கு முன்பு வங்கி வழக்குத் தொடுத்து, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற மீண்டும் மனுப் போட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டம் வந்த பின், நீதிமன்றத்தின் வாசலை மிதிக்காமலேயே, அடமானம் வைக்கப்பட்ட வீட்டைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் வங்கிக்குக் கிடைத்தது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும், கூட்டுறவு வங்கிகளுக்கும், 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலுமான கடன்களில் வங்கியல்லாத பெரிய நிதி நிறுவனங்களுக்கும் இந்த அதிகாரம் உண்டு. எனவே, “கோர்ட்டில் கேஸ் போட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவர் ஒரு பழைய காலத்து நம்பிக்கையில் காத்திருக்கிறார். வழக்கு என்று ஒன்று வந்தால், அதைத் தொடுக்க வேண்டியவர் இப்போது கடன் வாங்கியவர்தான்.

முதலில் அந்த 90 நாள் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தவணை ஒன்று தவறினால் கணக்கு உடனே வாராக்கடன் ஆகிவிடாது. நிலுவை 30 நாள் வரை நீடித்தால் ஒரு நிலை, 31 முதல் 60 நாள் வரை இன்னொரு நிலை, 61 முதல் 90 நாள் வரை மூன்றாவது நிலை என்று வங்கியின் கணினி அதைத் தனித்தனியாகக் குறித்துவைக்கும். 90 நாட்களைத் தாண்டினால்தான் அது வாராக்கடன். இந்த நாட்கள் எண்ணப்படுவது, கட்டப்படாத தவணைகளிலேயே மிகப் பழைய தவணையின் தேதியிலிருந்து. ஜனவரி 5, பிப்ரவரி 5, மார்ச் 5 ஆகிய மூன்று தவணைகளும் நிலுவையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகும். ஆனால் மார்ச் இறுதிக்குள் ஒரே ஒரு தவணையையாவது கட்டிவிட்டால், அது ஜனவரி நிலுவைக்கு ஈடாகும். எண்ணிக்கை பிப்ரவரி 5 முதல் புதிதாகத் தொடங்கும். ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் கிடைக்கும். “மூன்றையும் சேர்த்துக் கட்ட முடிந்தால் கட்டலாம், இல்லையென்றால் எதற்கு?” என்று கையில் இருந்த ஒரு தவணைப் பணத்தையும் வேறு செலவுக்கு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்ட முடிந்ததைக் கட்டுவது அந்த நேரத்தில் மிகப் பெரிய தற்காப்பு.

கணக்கு ஒருமுறை வாராக்கடன் ஆகிவிட்டால் இந்தச் சலுகை இல்லை. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விளக்கத்தின்படி, வட்டி, அசல் ஆகிய இரண்டிலும் உள்ள நிலுவை முழுவதையும் தீர்த்தால்தான் கணக்கு மீண்டும் சீரான நிலைக்கு மாறும். ஒன்றிரண்டு தவணைகளைக் கட்டி எண்ணிக்கையைக் குறைக்கும் வழி அதோடு அடைபடுகிறது.

90ஆம் நாளுக்கு முன் வங்கி அதிகாரி நெகிழ்வாகப் பேசுவதற்கும், அதன் பின் அதே அதிகாரி இறுக்கமாகிவிடுவதற்கும் காரணம் அவருடைய குணம் அல்ல. 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் ஒன்று சீராக இருக்கும்வரை, கடன் திரும்பாமல் போனால் ஈடுகட்ட அதற்கென வங்கி ஒதுக்கிவைக்க வேண்டிய தொகை 0.25 சதவீதம், அதாவது 7,500 ரூபாய். அதே கடன் வாராக்கடன் ஆன உடனேயே, பிணையம் இருக்கும் நிலையிலும், ஒதுக்கீடு 15 சதவீதமாக, அதாவது நாலரை லட்சம் ரூபாயாக உயர்ந்துவிடுகிறது. அந்தத் தொகை வங்கியின் லாபத்திலிருந்து போகிறது. ஆகவே, 80ஆம் நாளில் உங்கள் எதிரே அமர்ந்திருக்கும் கிளை மேலாளர், உங்கள் கணக்கு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உங்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர். பேரம் பேச அதுவே சரியான நேரம்.

அந்தப் பேச்சு எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது வருமானம் ஏன் குறைந்தது என்பதைப் பொறுத்தது. வேலை போய்விட்டது, ஆனால் சில மாதங்களில் வேறு வேலை கிடைத்துவிடும் என்றால், கேட்க வேண்டியது தற்காலிகச் சலுகை: சில மாதங்களுக்குத் தவணையை ஒத்திவைப்பது, அல்லது வட்டியை மட்டும் கட்டுவது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கப்பட்ட தவணை ஒத்திவைப்பு இன்று கிடையாது. தனித்தனியாக விண்ணப்பித்து, காரணத்துக்கான ஆவணங்களைக் காட்டித்தான் கேட்க வேண்டும். கடனின் நிபந்தனைகளை மாற்றி எழுதும் முறையான மறுசீரமைப்பு கடன் வரலாற்றில் பதிவாகும், பின்னால் புதிய கடன் வாங்குவதைக் கடினமாக்கும். வீடு போவதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய இழப்பு.

வட்டி உயர்ந்ததால் தவணை கைமீறிப் போயிருந்தால் கதை வேறு. மாறுவட்டிக் கடனில் வட்டி உயரும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைக் கடன் வாங்கியவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கடன் பழையதாக இருந்தால் வட்டியின் அடிப்படையையே மாற்றிக் கேட்கலாம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய வீட்டுக்கடன்களின் மாறுவட்டி, ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய கடன்கள் பலவும் பழைய அடிப்படையிலேயே, கூடுதல் வட்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு சிறு கட்டணத்தில் அதை மாற்றிக்கொள்ள முடியும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும் ஒரு வழிதான். தனிநபர்களின் மாறுவட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வசூலிக்க வங்கிகளுக்கு 2012 முதலே அனுமதி இல்லை. ஆனால் தவணை தவறியது, ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவான பிறகு எந்த வங்கியும் அந்தக் கடனைத் தொடாது. மாற்றுவதென்றால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

காலத்தை நீட்டுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வங்கிகள் முதலில் நீட்டும் தீர்வு இதுவே என்பதால், எல்லாவற்றையும் இது சரிசெய்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். 9 சதவீத வட்டியில் 30 லட்சம் ரூபாய்க்கு 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 26,990 ரூபாய். அதையே 30 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை ஏறத்தாழ 24,140 ரூபாயாகும். மாதம் மூவாயிரம் ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் மொத்தமாகக் கட்டப்போகும் தொகை சுமார் 64.8 லட்சத்திலிருந்து சுமார் 86.9 லட்சமாகிவிடுகிறது. மாதச் செலவில் இரண்டாயிரம், மூவாயிரம் இடிக்கிறது என்பவருக்கு இது உதவும். சம்பளமே பாதியாகிவிட்ட குடும்பத்துக்கு இது மூன்று மாத நிம்மதியைத் தரும், அவ்வளவுதான்.

சில குடும்பங்களில் தவணை நின்றுபோவதற்குக் காரணம் சம்பாதித்தவரின் மரணம். அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது, கடன் ஒப்பந்தத்தோடு காப்பீடு ஏதேனும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. வீட்டுக்கடன் கொடுக்கும்போதே, பிரீமியத்தையும் கடன் தொகையோடு சேர்த்து, கடன் பாதுகாப்புக் காப்பீட்டை எடுக்க வைப்பது பரவலான வழக்கம். கையெழுத்திட்ட கட்டுக் காகிதத்தில் அது எங்கோ இருக்கும். கணவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். மனைவியிடம் சொல்லியிருக்க மாட்டார். காப்பீடு இருப்பதே தெரியாமல், நகைகளை விற்றுத் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு. கடன் கணக்கின் முதல் மாத அறிக்கையில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் போயிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இருந்தால், இறப்புச் சான்றிதழோடு எழுத்துமூலம் உரிமை கோர வேண்டும். அந்தக் கோரிக்கை நிலுவையில் இருப்பதை வங்கிக்கும் கடிதம் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இனி, செய்யவே கூடாதவற்றைப் பற்றி. 9 சதவீத வட்டிக் கடனின் தவணையைக் கட்ட, கிரெடிட் கார்டிலோ, கைப்பேசிச் செயலிகளிலோ, கந்துவட்டிக்கோ பணம் புரட்டுவது முதல் தவறு. உறுதியாக வரவிருக்கும் ஒரு தொகைக்காக ஒரு மாதம், இரண்டு மாதம் நகையை அடகு வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிலிருந்து திருப்பிக் கட்டப்போகிறோம் என்று தெரியாமல் வாங்கும் இரண்டாவது கடன், முதல் கடனையும் சேர்த்து மூழ்கடித்துவிடும்.

இதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. சுவாதீன அறிவிப்பு வெளியானதும், அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டே வீடு தேடி வரும் சிலர் இருக்கிறார்கள். “வங்கிக் கடனை நாங்கள் அடைத்துவிடுகிறோம், வீட்டை எங்கள் பெயருக்கு இப்போதைக்குக் கிரயம் எழுதிக் கொடுங்கள், இரண்டு ஆண்டுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்பி எழுதிக்கொள்ளலாம்” என்பார்கள். சில சமயம் கிரயத்துக்குப் பதிலாகப் பொது அதிகாரப் பத்திரம் கேட்பார்கள். பதிவான கிரயப் பத்திரத்தில் திருப்பி எழுதித் தரும் நிபந்தனை இருக்காது; அது வாய்வார்த்தையாகவோ, பதிவு செய்யாத ஒரு தாளிலோ இருக்கும். கடன் பாக்கி 12 லட்சமாக இருந்தால், அந்தப் 12 லட்சத்துக்கு 50 லட்சம் மதிப்புள்ள வீடு கைமாறிவிடும். வங்கி ஏலத்தில் விற்றாலாவது கடன் போக மிச்சம் உரியவருக்கு வர வேண்டும். இதில் மிச்சம் என்ற பேச்சே இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் எழுதிக் கொடுப்பதைவிட ஏலமே மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வீட்டை வைத்துக்கொள்ள முடியாது என்று கணக்குச் சொன்னால், அதைத் தானே விற்பதுதான் அறிவுடைமை. இதைச் சொல்லும்போது பலர் முகம் சுளிப்பார்கள். வீட்டைக் காப்பாற்றும் வழியைக் கேட்டால் விற்கச் சொல்கிறாரே என்பார்கள். வீட்டில் போட்ட பணத்தைக் காப்பாற்றுவதும் காப்பாற்றுவதுதான். ஏலத்துக்கு வரும் வீட்டை வாங்குபவர் உள்ளே யார் இருக்கிறார்கள், வழக்கு இருக்கிறதா, வரி பாக்கி எவ்வளவு என்ற சந்தேகங்களையெல்லாம் விலையில் கழித்துக்கொண்டுதான் கேட்பார். அறிவிப்புச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், வக்கீல் கட்டணம், காவலாளி செலவு எல்லாம் கடன் கணக்கிலேயே ஏறும். உரிமையாளர் அமைதியாக, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, நேரம் எடுத்து விற்றால் கிடைக்கும் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சில லட்சங்களாக இருக்கும்.

பத்திரம் வங்கியில் இருக்கும்போது எப்படி விற்பது என்று கேட்பவர்கள் உண்டு. அன்றாடம் நடப்பதுதான் அது. வங்கியிடம் நிலுவைத் தொகைக் கடிதமும், தன் வசம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் கேட்டு வாங்க வேண்டும். வாங்குபவரிடம் கடன் இருப்பதை மறைக்காமல் சொல்லி, விற்பனை ஒப்பந்தத்திலும் அதை எழுத வேண்டும். வாங்குபவர், கடன் தொகையை நேராகக் கடன் கணக்கிலும் மீதியை விற்பவரிடமும் செலுத்துவார். அவரும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார் என்றால் அவருடைய வங்கி நம் வங்கிக்கு நேரடியாகக் காசோலை கொடுக்கும். கடன் முழுவதும் அடைந்தபின் 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், தாமதம் வங்கியின் தவறால் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. கேட்பு அறிவிப்பு வந்துவிட்ட பிறகு, வங்கியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் தடை விதிக்கிறது. சம்மதம் கேட்டால் வங்கிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. பணம் வந்து சேருமென்றால் ஏலம் விடும் தலைவலி அவர்களுக்கும் வேண்டாம்.

அடுத்து, அந்தக் கேட்பு அறிவிப்பு. சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ் வரும் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பலர் கலங்கிப்போவதற்குக் காரணம், அதில் தவணை பாக்கி மட்டுமல்லாமல் கடன் தொகை முழுவதும் கேட்கப்பட்டிருக்கும். ஒன்றரை லட்சம் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு 27 லட்சத்தை 60 நாட்களுக்குள் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கலங்கிய மனிதர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். அல்லது தபால்காரரிடமிருந்து வாங்கவே மறுத்துவிடுவார். பதிவுத் தபாலை வாங்க மறுப்பதால் 60 நாள் கணக்கு நின்றுவிடாது. வாங்கி, உட்கார்ந்து, வரிவரியாகப் படிக்க வேண்டிய கடிதம் அது. வாராக்கடன் ஆன தேதி சரியா, கட்டிய தவணைகள் எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கின்றனவா, சொத்து விவரம் சரியா, தாமதத்துக்கான அபராதம் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அபராதத்தை வட்டியாகக் கூட்டி, அதன்மேல் மீண்டும் வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. 2024 முதல் அது தனிக் கட்டணமாக மட்டுமே இருக்க வேண்டும், அதன்மேல் வட்டி ஏறக் கூடாது.

படித்தபின் பதில் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளலாம். 13(3A) பிரிவின்படி, கடன் வாங்கியவர் ஆட்சேபமோ முறையீடோ அனுப்பினால், வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்கவில்லையென்றால் ஏன் ஏற்கவில்லை என்பதைக் காரணங்களோடு 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இது வங்கி செய்தாலும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்கிற மரியாதை நிமித்தமான காரியம் அல்ல. இதைச் செய்யாமல் மேற்கொண்டு போன நடவடிக்கைகள் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களில் கேள்விக்கு உள்ளாகியிருக்கின்றன. பதிலில் ஆத்திரமும் கெஞ்சலும் தேவையில்லை. கணக்கில் உள்ள பிழைகள், வருமானம் குறைந்ததற்கான காரணம், எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட முடியும், வீட்டை விற்க முயல்கிறோமா என்பவற்றை எண்களோடு எழுதி, ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் நகலை மின்னஞ்சலிலும் அனுப்பி வைக்க வேண்டும். தொலைபேசியில் பேசியதும், கிளையில் நின்றுகொண்டு பேசியதும் பின்னால் எங்கும் எடுபடாது. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்; காகிதம் கோப்பிலேயே இருக்கும்.

வசூல் முகவர்களின் தொல்லையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் செய்து, 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். அந்தப் புகாரால் ஏலம் நிற்காது, மிரட்டல் நிற்கும்.

60 நாட்கள் முடிந்தபின் வங்கி எடுக்கும் சுவாதீனம் பெரும்பாலும் முதலில் பெயரளவிலானது. கதவில் அறிவிப்பை ஒட்டுவார்கள். ஏழு நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக, வெளியிடுவார்கள். குடும்பம் உள்ளேயே வசித்துக்கொண்டிருக்கும். வெளியேற்றி வீட்டைப் பூட்ட வேண்டுமென்றால், 14ஆவது பிரிவின் கீழ், மாவட்ட நடுவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடமோ, பெருநகரங்களில் தலைமைப் பெருநகர நடுவரிடமோ வங்கி உத்தரவு பெற வேண்டும். அந்த இடைவெளி சில மாதங்கள் நீளலாம். அறிவிப்பை ஒட்டிய பிறகும் யாரும் வெளியேற்ற வரவில்லை என்பதால் ஆபத்து கடந்துவிட்டதாக நினைத்துச் சும்மா இருந்துவிடுபவர்கள் பலர். உண்மையில் 45 நாள் கெடு ஒன்று அப்போது ஓடத் தொடங்கியிருக்கும்.

அது 17ஆவது பிரிவின் கெடு. வங்கியின் நடவடிக்கையில் பிழை இருந்தால், அந்த நடவடிக்கை எடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்துக்கு இந்த விஷயத்தில் அதிகாரம் இல்லை. தீர்ப்பாயம் இருக்கும்போது உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு ஓடுவதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. சட்டம் வந்த புதிதில், இந்த மனுவுக்கே கேட்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று இருந்தது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஆனால் இடைக்காலத் தடை கேட்டால், ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் தீர்ப்பாயம் பெரும்பாலும் தடை தரும். தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். அதைக் கால் பங்கு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே குறைக்க முடியாது.

ஆகவே தீர்ப்பாயம் என்பது உண்மையான பிழை இருப்பவர்களுக்கான இடம். அறிவிப்பு முறையாக வழங்கப்படவில்லை, ஆட்சேபத்துக்குப் பதிலே தரவில்லை, சொத்து விவசாய நிலம், செலுத்த வேண்டியது அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவு, சந்தை விலைக்குச் சம்பந்தமில்லாத மதிப்பீடு போன்றவை எடுபடக்கூடிய வாதங்கள். விவசாய நிலத்துக்கும், 20 சதவீதத்துக்குக் குறைவான பாக்கிக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. கடனில் பெரும்பகுதியைக் கட்டி முடித்தவர்கள் இதை அவசியம் சரிபார்க்க வேண்டும். “எப்படியாவது ஐந்து வருடம் இழுத்துவிடலாம்” என்று சொல்லி முன்பணம் வாங்கும் வக்கீலிடமிருந்து விலகி இருப்பது நல்லது. இழுக்கும் காலமெல்லாம் வட்டி ஏறிக்கொண்டிருக்கும், முடிவில் விற்றாலும் கையில் எதுவும் மிஞ்சாது.

பணத்தைப் புரட்டிவிட்டவர்கள் தவறவிடக் கூடாத தேதி ஒன்று உண்டு. பாக்கி முழுவதையும் செலவுகளோடு சேர்த்துக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, முன்பெல்லாம் விற்பனை முடியும் வரை இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அது முடிந்துவிடுகிறது. செலிர் நிறுவனத்துக்கும் பாஃப்னா மோட்டார்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஏல நாள் வரை நேரம் இருக்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சில புரோக்கர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஏலத்துக்கு முன்பு 30 நாள் விற்பனை அறிவிப்பு தர வேண்டும் என்ற விதி இருப்பதால், பணத்தை அந்த அறிவிப்புக்கும் அது விளம்பரமாக வெளிவருவதற்கும் முன்பே கொண்டுபோய்க் கட்டுவதுதான் பாதுகாப்பு. முழுத் தொகை இல்லாவிட்டாலும், தவணை பாக்கி முழுவதையும் கட்டினால் கணக்கைச் சீராக்கி நடவடிக்கையை நிறுத்திவைக்கும் வங்கிகள் இருக்கின்றன. அதையும் வாய்வார்த்தையாக விடாமல், எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருமுறைத் தீர்வு பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிக்கும் இந்த ஏற்பாட்டை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடனைவிட வீட்டின் மதிப்பு அதிகம் என்றால் வங்கி எதற்காகத் தள்ளுபடி தரும்? அபராதக் கட்டணத்தையும் சில செலவுகளையும் விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவே. அப்படி முடிந்த கடன் சிபில் அறிக்கையில் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று இருக்கும், ‘முடிக்கப்பட்டது’ என்று இருக்காது. அடுத்த கடனுக்குப் போகும்போது அந்த வித்தியாசம் தெரியவரும்.

எல்லாம் கைமீறி ஏலமே நடந்துவிட்டாலும் உரிமையாளரின் உரிமைகள் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பீட்டை வைத்தே குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க வேண்டும். அந்த விலைக்கு மேல் யாரும் கேட்காத நிலையில் அதே விலைக்கு விற்பதற்கே கடன் வாங்கியவரின் சம்மதம் தேவை. கிடைத்த தொகையில் கடனும் செலவும் போக மீதி இருந்தால், 13(7) பிரிவின்படி அது உரிமையாளருக்குச் சேர வேண்டும். போதவில்லையென்றால், குறையும் தொகைக்கு வங்கி அவர்மீதும், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்மீதும் தீர்ப்பாயத்திலோ உரிய நீதிமன்றத்திலோ வழக்குத் தொடரலாம்; ஜாமீன்தாரருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது குறைந்தபட்ச நாகரிகம். மீதித் தொகையைப் பொறுத்தவரை, வங்கி தானாகக் கணக்கு அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம். ஏலத் தொகை, வாங்கியவர் முழுப் பணமும் செலுத்திய தேதி, அந்தத் தேதி வரை போடப்பட்ட வட்டி, கழிக்கப்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் ரசீது ஆகியவற்றைக் கேட்டு, விற்பனைச் சான்றிதழ் வழங்கப்பட்ட உடனேயே ஒரு பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். அதில் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் குறிப்பிட்டுவிடுங்கள்.